கதைப் புத்தக பீரோக்களைக் காலி செய்யச் சொல்கிறார்கள், என்ன பதில் சொல்வது?

கேட்டவர்: கடனாநதிக்காரன்

வணக்கம். தென்காசி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் இருக்கிறேன். நூலகம் என்றால் ஒரு ஹால், ஒரு பின்னறை, ஒரு வராந்தா, அவ்வளவுதான். ஹாலில் இரண்டு நீள மேசை. கதவு திறக்கும் முன்பே குரூப் 4, போலீஸ் தேர்வு என்று படிக்கிற பிள்ளைகள் வாசலில் நிற்பார்கள். மேசையில் இடம் கிடைக்காதவர்கள் வராந்தாவில் தரையில் உட்கார்ந்து படிக்கிறார்கள்.

போன கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. சுவரோரம் நிற்கும் மூன்று பீரோவில் கதை, நாவல், கவிதை என்று இருப்பதையெல்லாம் கட்டிப் பின்னறையில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் இன்னொரு மேசை போடலாம் என்று. சொன்னவர் கெட்ட ஆள் இல்லை. மேசைக்குப் பணமும் அவரே தருகிறார். "கதை படிச்சு இந்த ஊர்ல எவனுக்குய்யா வேல கெடச்சிருக்கு?" என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை, நான் உட்பட.

"மனதைப் பண்படுத்தும், சிந்தனையை விரிவாக்கும்" என்று புத்தகத் திருவிழா மேடையில் பேசுகிற வசனம் எனக்கும் தெரியும். அதை எங்கள் கூட்டத்தில் சொன்னால் சிரிப்பார்கள். ஊரில் பாதி வீட்டில் பீடி சுற்றுகிறார்கள், மீதிப் பேருக்கு வயல் வேலை. இவர்களிடம் சொல்லக்கூடிய மாதிரி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். மாதக் கடைசியில் அடுத்த கூட்டம்.


பதில்: அடுத்த அட்டெம்ப்ட்

நான் அந்த மேசைக்காகக் காத்திருக்கிற ஆள். ஊர்தான் வேறு. எங்களுக்கு மேசை வேண்டும் சார், அதில் மாற்றமே இல்லை. வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருக்கும்போது, தம்பி போனில் கேம் விளையாடும்போது கணக்குப் போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

ஆனால் ஒரு வேடிக்கை சொல்கிறேன். குரூப் 4 தாளில் 200 கேள்வியில் 100 தமிழ். அதில் 40 சதவீதம் வராவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள். அதற்காகவே இலக்கியத்தை நெட்டுருப் போட்டு வைத்திருக்கிறேன். சொ. விருத்தாசலம் யார்? புதுமைப்பித்தன். சிறுகதை மன்னன் யார்? புதுமைப்பித்தன். 'கோபல்லபுரத்து மக்கள்' யாருடையது? கி. ராஜநாராயணன், 1991 சாகித்ய அகாதெமி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பள்ளிப் பாடத்தில் வந்ததைத் தவிர இவர்கள் எழுதியதில் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை. வேலை கிடைக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று வைத்திருக்கிறேன்.

உங்கள் பிரச்சினைக்கு என் யோசனை: கதைப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகலாம், மேசையை எடுத்துக்கொண்டு போக முடியாது. அதனால் ஹாலை எங்களுக்குக் கொடுத்துவிட்டு பீரோவை வராந்தாவுக்குத் தள்ளுங்கள். பின்னறையில் மட்டும் கட்டிப் போடாதீர்கள். அங்கே கறையான்தான் படிக்கும்.


பதில்: வரப்பு

எல்லாரும் சண்டைக்கு வருவீர்கள், பரவாயில்லை. எங்கள் ஊரில் கம்பராமாயணத்தை வரி பிசகாமல் சொல்கிற ஒருவர் இருந்தார். தொழில், வட்டிக்கு விடுவது. தவணை தவறினவன் வீட்டு அண்டாவைத் தூக்கிக்கொண்டு வரும்போதும் வாயில் கம்பன்தான். படித்தால் மனிதன் நல்லவனாகிவிடுவான் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த அண்டாதான் நினைவுக்கு வரும். இலக்கியம் பிடித்தவர்கள் சொந்தக் காசில் வாங்கிப் படிக்கட்டும். நூலகத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு முதல் உரிமை.


பதில்: சுளவு

கடனாநதிக்காரன் தம்பிக்கு. நான் ஓய்வு பெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை. முக்கூடல் பக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் வரப்பு ஐயா சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். படித்தவர்கள் எல்லாம் நல்லவர்கள் என்றால் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடங்களில் ஸ்டாஃப் ரூம் சொர்க்கமாக இருந்திருக்க வேண்டும். அதனால் அந்த வழியில் போகவேண்டாம். நான் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் அம்மா, பெரியம்மை, பக்கத்து வீட்டு மைனிமார் எல்லாரும் பீடி சுற்றினவர்கள். முதல் நாள் நனைத்துவைத்த இலையைத் தகட்டை வைத்து வெட்டி, சுளவில் தூளும் நூலுமாக உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை எழுந்திருக்க மாட்டார்கள். இருபத்தைந்து பீடி ஒரு கட்டு, நாற்பது கட்டு ஆயிரம். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளுக்குச் சுற்றிய பீடியின் வாயை மடக்குகிற வேலை. எனக்கு அந்த வேலையிலிருந்து விடுதலை கிடைத்தது வாசிப்பால்தான். வார இதழ்களிலிருந்து கிழித்துத் தைத்து, அட்டை போட்டு வைத்திருந்த தொடர்கதை ஒன்று எங்கள் தெருவில் வீடு வீடாகச் சுற்றிக்கொண்டிருந்தது. திக்காமல் வாசிக்கத் தெரிந்தவள் நான். "ஏ பிள்ள, நீ வாசி, ஒம் பங்க நாங்க மடக்குதோம்" என்றார்கள். அன்றிலிருந்து என் கைக்கு வேலையில்லை, தொண்டைக்குத்தான் வேலை.

அந்த பைண்டிங்கில் நடுவில் சில வாரம் காணோம். யாரோ கிழித்திருக்கிறார்கள். போன வாரம் கிணற்றடியில் அழுதுகொண்டு நின்றவள், அடுத்த பக்கத்தில் மதுரையில் டீச்சராக இருக்கிறாள். நடுவில் என்ன நடந்தது? பீடி சுற்றிக்கொண்டே ஆளுக்கொரு கதை சொன்னார்கள். மாமியார் துரத்திவிட்டாள் என்றார் ஒருவர். அவளே கிளம்பிப் போயிருப்பாள், அழுதவள் எப்போதும் அழுதுகொண்டா இருப்பாள் என்றார் எங்கள் பெரியம்மை. கணவனைவிட்டு வந்து தம்பி வீட்டில் இருந்தவர் பெரியம்மை. அவர் தன் கதையைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நாங்கள் கேட்டதில்லை. ஆனால் அந்தக் காணாமற்போன பக்கங்களுக்கு அவர் சொன்ன கதையில் பஸ் டிக்கெட்டுக்கு யாரிடம் கடன் வாங்கினாள், ராத்திரி எந்த பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தாள் என்பதுவரை இருந்தது. சுற்றி இருந்த எல்லாருக்கும் புரிந்தது. ஒருத்தரும் "அது நீதானே" என்று கேட்கவில்லை. அந்த நாகரிகம் அவர்களிடம் இருந்தது.

தம்பி, நான் சொல்ல வந்ததே இதுதான். தன் வீட்டுச் சமாச்சாரத்தைத் தெருவில் சொன்னால் சாயங்காலத்துக்குள் புருஷன் காதுக்குப் போய்விடும். கதையில் வருகிறவளின் புருஷனை எவ்வளவு திட்டினாலும் கேட்பாரில்லை. கதை என்று ஒன்று நடுவில் இருந்ததால்தான் எங்கள் தெருப் பெண்கள் அடி, கடன், கருக்கலைப்பு, கொழுந்தன் தொல்லை எல்லாவற்றையும் பேசினார்கள். எல்லாம் அந்த டீச்சர் பேரில் போயிற்று.

அப்புறம் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. ராத்திரி வகுப்பு, தெரு விளக்கடியில். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கியவர்களுக்கென்று சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள் வந்தன. அதெல்லாம் தீர்ந்துபோன ஒரு நாள் நான் புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' கதையை எடுத்துப் போய் வாசித்தேன். சின்னக் கதைதான். ஜட்கா ஓட்டுகிற முருகேசன் குடித்துவிட்டு ரேஸ் விட்டு வண்டி சாய்ந்து அடிபட்டுக் கிடக்கிறான். அவனுக்குப் பால் கஞ்சி வார்க்கப் பணமில்லை. மில் வேலைக்குப் போகிற அம்மாளு இருட்டில் ஒருவனோடு போய் முக்கால் ரூபாய் சம்பாதிக்கிறாள். கடைசியில் கற்பைப் பற்றி ஆசிரியர் ஒரு சாட்டை சொடுக்குவார். ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் அந்தக் கடைசி வரியைத்தான் பக்கம் பக்கமாக விவாதித்தோம்.

பீடிப் பெண்கள் அந்த வரியைக் கண்டுகொள்ளவே இல்லை. "குடிச்சிட்டு வண்டியச் சாச்சவனுக்குப் பால்கஞ்சி ஒரு கேடா?" என்றார் ஒருவர். "அப்படிச் சொல்லாத, படுத்துக்கெடக்கவன எழுப்பி வேலைக்கு அனுப்பணும்லா, இல்லன்னா இவ ஒரு சம்பளத்துல என்ன செய்வா" என்றார் இன்னொருவர். பிறகு முக்கால் ரூபாய்க்கு அந்தக் காலத்தில் எவ்வளவு பால் கிடைக்கும், கடையில் கடன் சொல்ல முடியாதா, மில்லில் முன்பணம் கேட்டாளா என்று பேச்சு போனது. அம்மாளு செய்தது சரியா தப்பா என்று யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. வேறு என்ன வழி இருந்தது என்றுதான் தேடினார்கள். அந்தக் கதைக்கு அதைவிட நல்ல விமரிசனத்தை நான் இதுவரை படிக்கவில்லை. கதை வந்தது 1930களில், எழுதியவரும் நம்ம நெல்லைக்காரர். தேர்வு எழுதுகிற தங்கச்சி, நீங்கள் வேலை கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். பஸ்ஸில் போகும்போது முடித்துவிடலாம்.

எழுதுவதைப் பற்றியும் சொல்லவேண்டும். அந்த வகுப்பில் ஒரு பெண். கையெழுத்துப் போடக் கற்றதும் பலர் நின்றுவிட்டார்கள், இவர் நிற்கவில்லை. பையனின் பழைய நோட்டில் வெற்றுப் பக்கங்களில் எழுதிக்கொண்டு வந்தார். "ஒரு ஊரில் ஒருத்தி இருந்தாள். அவளுக்கு எப்பவும் இலை குறையும்" என்று தொடங்கியது. ஆயிரம் பீடிக்குக் கம்பெனி கொடுக்கவேண்டிய இலையைக் குறைத்துக் கொடுத்துவிட்டு ஆயிரம் கேட்பது எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம். குறைகிற இலையைச் சொந்தக் காசில் வாங்கிச் சரிக்கட்ட வேண்டும். அந்த ஒருத்தி பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வைத்திருந்த காசில் இலை வாங்குகிறாள். அதோடு நிற்கிறது. எழுத்துப்பிழைக்குக் குறைவில்லை. வாசித்துக் காட்டியபோது எல்லாரும் முடிவு கேட்டார்கள். அம்மன் வந்து பிள்ளையைக் காப்பாற்றினாள் என்று எழுதச் சொன்னார் ஒருவர். எழுதியவர் மாட்டேன் என்றுவிட்டார். "இன்னும் முடியலல்லா, எப்படி முடிக்க?" என்றார்.

இதற்கு அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். இலை குறைவதைப் பற்றி எல்லாரும் சேர்ந்து அதிகாரிக்கு மனு எழுதுவது என்று முடிவானபோது, நோட்டை எடுத்தது அவர்தான். எது முதலில், எது அடுத்து, எதை விட்டுவிடலாம், எதை விடக்கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எந்தத் தேதியில் எவ்வளவு இலை, எவ்வளவு குறைந்தது என்று வரிசையாகச் சொன்னார். நான் இலக்கணம் மட்டும் பார்த்தேன். இலை கூடியதா என்றால், கொஞ்ச நாள் கூடியது, பிறகு பழையபடிதான். அதை மறைத்து என்ன செய்ய.

உங்கள் கூட்டத்தில் சொல்வதற்கு ஒன்று. ஊராட்சியில் வீட்டு வரி கட்டிய ரசீதை எடுத்துக்கொண்டு போங்கள். வரியோடு நூலக வரி என்று பத்து சதவீதம் சேர்த்து வாங்கியிருப்பார்கள். 1948-ல் சென்னை மாகாணம் போட்ட பொது நூலகச் சட்டத்தில் வந்த வரி அது. பீடி சுற்றுகிற வீடும் அதைக் கட்டுகிறது. அந்த வீட்டுப் பெண்ணுக்கு நூலகத்தில் எந்தப் புத்தகம் இருக்கிறது? குரூப் 4 வழிகாட்டியா? அவருக்கென்று அங்கே இருப்பது அந்த மூன்று பீரோதான்.

அவர் வந்து எடுக்கிறாரா என்று கேட்பார்கள். எடுக்கவில்லை என்பது உண்மைதான். வீட்டில் சீரியல் ஓடுகிறது. சீரியலை நான் கேலி செய்ய மாட்டேன், அதுவும் கதைதான், அதையும் திட்டிக்கொண்டேதான் பார்க்கிறார்கள். ஆனால் அதை நிறுத்திவைத்துவிட்டு நடுவில் பேச முடியாது. அதற்குள் அடுத்த சீரியல் வந்துவிடும். அதனால் பெண்களை நூலகத்துக்கு வரச்சொல்வதை விட்டுவிட்டு, சுளவு இருக்கிற திண்ணைக்குப் புத்தகத்தை எடுத்துப் போங்கள். சத்தமாக வாசிக்க ஒரு ஆள் போதும்.


பதில்: இலைக்கட்டு

டீச்சரம்மா சொன்னதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. பீடிச் சங்கத்தில் பல வருஷம் இருந்தவன் நான். கேரளாவில் கண்ணூர் பக்கம் போயிருக்கிறேன். அங்கே பீடிக் கம்பெனிகளில் வரிசையாக உட்கார்ந்து சுற்றுவார்கள். ஒருவர் மட்டும் சுற்றாமல் உரக்க வாசிப்பார். முதலில் செய்தித்தாள், பிறகு நாவல். அவர் பங்கு பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். 1969-ல் தொடங்கிய தினேஷ் பீடி கூட்டுறவிலும் அந்த வழக்கம் தொடர்ந்தது. முக்கூடலில் ஒரு சின்னப் பிள்ளைக்கு நடந்ததும் அதேதான். ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்ததில்லை என்பதுதான் ஆச்சரியம். கை ஓயாமல், காது சும்மா இருக்கிற வேலை என்றால் இது தானாக முளைக்கும் போலிருக்கிறது.

கியூபாவில் சுருட்டு ஆலைகளிலும் இதே கதை. 1865-ல் ஹவானாவில் எல் ஃபிகாரோ என்ற ஆலையில் தொடங்கியது. வாசிப்பவருக்குச் சம்பளம் தொழிலாளிகளின் கையிலிருந்து. எந்த நாவல் என்பதையும் அவர்களே தேர்ந்தெடுப்பார்கள். மான்டிகிறிஸ்டோ என்று பெயர்பெற்ற சுருட்டு இருக்கிறதே, ஆலையில் எல்லாரும் விரும்பிக் கேட்ட பிரெஞ்சு நாவலின் பெயர் அது. தொடங்கிய மறு ஆண்டே ஸ்பானிய ஆளுநர் வாசிப்புக்குத் தடை போட்டார். அங்கிருந்து அமெரிக்காவில் டாம்பா நகரத்துக்குக் குடியேறியவர்கள் வழக்கத்தையும் கொண்டுபோனார்கள். 1931-ல் அங்கே முதலாளிகள் வாசிப்பவர்களை வெளியேற்றினார்கள், தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிறகு அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது ரேடியோ. டீச்சரம்மா சீரியலைப் பற்றிச் சொன்னபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

மேசைக்குப் பணம் தருகிற பெரியவரிடம் கேளுங்கள்: கதையால் ஒரு பிரயோசனமும் இல்லை என்றால், ஆளுநர் எதற்கு அதைத் தடை செய்யவேண்டும்? முதலாளிக்கு அதில் என்ன பயம்?


பதில்: வரப்பு

பீடித் திண்ணை விஷயம் எனக்குத் தெரியாதது. நூலக வரியும் சரியான பாயிண்ட். ஆனால் டீச்சர் சொன்னதில் வேலை செய்தது கூடி உட்கார்ந்து பேசியது என்றுதான் எனக்குப் படுகிறது. புத்தகம் இல்லாமல், சும்மா கூடிப் பேசினாலும் அதே நடந்திருக்காதா?


பதில்: சுளவு

நல்ல கேள்வி ஐயா. சும்மா கூடினால் அடுத்த தெருக்காரியைப் பற்றிப் பேசுவோம். அதுவும் கதைதான், ஆனால் அதில் அவள் மானம் போகும். அப்புறம் அவள் தெருவில் நம்மைப் பற்றிப் பேசுவார்கள். புத்தகத்தில் இருப்பவளை எவ்வளவு பேசினாலும் அவளுக்குச் சேதமில்லை. இன்னொன்று, நமக்குத் தெரிந்த ஊர் நான்கு தெரு. அம்மாளு இருந்தது ரயில் லைனை ஒட்டின பட்டணத்துச் சந்து. அவளை நாங்கள் எந்தத் திண்ணையில் சந்தித்திருப்போம்?


கேட்டவர்: கடனாநதிக்காரன்

எல்லாருக்கும் நன்றி. கூட்டத்துக்கு வீட்டு வரி ரசீதை எடுத்துப் போகிறேன். பீரோவை வராந்தாவுக்கு மாற்ற நூலகர் சம்மதிப்பார் போலத்தான் தெரிகிறது. தூவானம் அடிக்கும் என்பது ஒன்றே அவருடைய கவலை. ஒரு பக்கம் தகரம் அடித்துவிடலாம். ஹாலில் மேசை வரட்டும், அதை நான் எதிர்க்கப்போவதில்லை.

டீச்சர், திண்ணையில் வாசிக்க எங்கள் தெருவில் ஒரு பிளஸ் டூ பிள்ளை தயார். எதில் தொடங்கலாம்? 'பொன்னகரம்' சரியாக இருக்குமா?


பதில்: சுளவு

முதல் நாளே அது வேண்டாம் தம்பி. பிள்ளைக்கும் கூச்சமாக இருக்கும், கேட்கிறவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். கி.ரா. தொகுத்த நாட்டுப்புறக் கதைகள் இருந்தால் அதில் தொடங்கட்டும். பேச்சு நம்ம பக்கத்துப் பேச்சு, சிரிக்கவும் செய்வார்கள். அதிலும் கெட்ட வார்த்தைக் கதைகள் தனியாக உண்டு, அதை அந்தப் பிள்ளை கையில் கொடுத்துவிடாதீர்கள். பெண்கள் தாங்களே கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

காலையில் வேண்டாம், இலை வெட்டுகிற நேரம், கத்தரிக்கோல் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. மூன்று மணிக்கு மேல் சுற்றுகிற நேரம் தோது. நடுவில் யாராவது பேச ஆரம்பித்தால் வாசிப்பை நிறுத்தச் சொல்லுங்கள், பேசி முடிக்கட்டும். கதை அன்றைக்கே முடியவேண்டும் என்று கட்டாயமில்லை. பிள்ளைக்குக் குடிக்கத் தண்ணீரும், பரீட்சை சமயத்தில் விடுமுறையும் கொடுத்துவிடுங்கள்.


பதில்: அடுத்த அட்டெம்ப்ட்

டீச்சர், 'பொன்னகரம்' போனில் கிடைத்தது, படித்துவிட்டேன். அந்த முருகேசனுக்கு நானும் பால் கஞ்சி கொடுத்திருக்க மாட்டேன். என் அம்மாவிடம் கதையைச் சொன்னேன். அவர் கொடுத்திருப்பாராம். ராத்திரி அதில் சண்டை, கரண்ட் அஃபேர்ஸ் படிக்கவில்லை.